வளரும் பிள்ளையும் வீட்டு அடுப்பும்

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் வழியில், பெங்களூர் நெடுஞ்சாலையின் இரைச்சலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாரிவாக்கம், இன்று மனைப்பிரிவுகளும் புதுவீடுகளும் சூழ்ந்த புறநகராகவே நம் கண்ணில் பட்டாலும், பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் எண்ணற்ற ஏரிப்பாசன கிராமங்களுள் ஒன்றாக நெடுங்காலம் வாழ்ந்த ஊர் என்பதை அதன் ஏரி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பதின்மூன்று பதினான்கு பிராயத்துப் பிள்ளைக்கு எடை கூடிவிட்டதே, இதை எப்படிச் சரிசெய்வது என்று இந்த வட்டாரத்துத் தாய்தந்தையர் இன்று கவலையோடு கேட்கும் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், இவ்வூர்களில் பிள்ளையின் தட்டில் எக்காலத்தில் என்ன விழுந்தது, அதை விழச் செய்தவர் யார் என்ற சரித்திரத்தைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது அவசியமென்று எண்ணுகிறேன்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஆண்டுக்கு மூன்று போகங்களின் பெயர் சொல்லும் நாடு இது. ஆயினும் நெல் விளைவித்தவன் வீட்டில் நெற்சோறே அன்றாட ஆகாரமாக இருந்தது என்று நினைப்பது பிழை. நிலமுடையவர்கள் வீட்டில் இருவேளைச் சோறு இருந்திருக்கலாம். உழைப்பவர் வீட்டில் பகலெல்லாம் கேழ்வரகுக் கூழும் இரவில் மட்டும் சோறும், அதுவும் கிடைத்த நாளில், என்பதே வழக்கம். இன்று ஆடி மாதத்து அம்மன் கோயில்களில் மட்டும் பிரசாதமாக வார்க்கப்படும் அந்தக் கூழ் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் குறைந்து வருவதால் இங்கே சொல்லிவைக்கிறேன். கேழ்வரகு மாவை முந்தின நாளே நீரில் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் பானையில் அரிசி நொய்யைப் போட்டு, அது முக்கால் வேக்காட்டில் குழையும் தறுவாயில் புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாதபடி துடுப்பினால் விடாமல் கிளறுவார்கள். கையை நீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தால் மாவு விரலில் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி ஆறவிட்டு, உருண்டையாக்கி நீரில் போட்டு வைப்பார்கள். மறுநாள் காலையில் அந்த உருண்டையை மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்து, சின்ன வெங்காயமோ பச்சைமிளகாயோ, வாய்த்தால் கருவாட்டுக் குழம்போ முருங்கைக்கீரையோ துணையாக வைத்துக் கொடுப்பார்கள். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த இந்த ஆகாரத்தைக் குடித்த பிள்ளை, மாடு மேய்க்கவும், நாற்றுக்கட்டு சுமக்கவும், ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடக்கவும் போனான். உண்டதெல்லாம் உழைப்பில் தீர்ந்தது. அந்தக் காலத்தை நான் புகழ வரவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் மாட்டின் பின்னால் போன பிள்ளையின் மெலிவை ஆரோக்கியம் என்று பெயரிட்டு அழைப்பது நியாயமாகாது.

ஏனெனில் அம்மெலிவின் பின்னால் பஞ்சம் நின்றது. ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி ஊர்விட்டு ஊர் வந்து சென்னையில் குவிந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கவென்று 1782-ஆம் ஆண்டில் தோன்றிய மணியக்காரர் சத்திரம், ஜனங்களின் வாயில் கஞ்சித்தொட்டி என்றே வழங்கியது. பின்னாளில் அங்கே வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியையும் வடசென்னைப் பெரியவர்கள் நெடுநாள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லி வந்தார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷத்துப் பஞ்சத்திலோ, நிவாரண வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதுமென்று இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயிக்க, அது உயிரைத் தக்கவைக்கவும் போதாது என்று சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் விடாது வாதாடினார். மனித தேகத்துக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்பது இந்நாட்டில் பகிரங்கமான விவாதமாக எழுந்தது அவ்வாறுதான். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, அத்தகைய நிவாரண வேலையாக அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதே.

அந்தத் தலைமுறைகளின் பயம் பாஷையில் தங்கிவிட்டது. நோஞ்சான், ஒட்டிப்போனவன், எலும்பும் தோலுமானவன் என்பவை வசைகளாயின. பூசினாற்போல் இருக்கிறாள் என்பது பாராட்டாயிற்று. வளரும் பிள்ளை, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள் என்பது தாயன்பின் மந்திரமாயிற்று. பெண் பருவமடைந்த சமயத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த சம்பிரதாயங்களைப் பார்த்தால், பந்தலும் மஞ்சள் நீரும் தாய்மாமன் வரிசையும் கண்ணுக்குத் தெரிந்த சிறப்புகளாக இருக்க, அதன் உட்பொருளாக நின்றது போஷாக்கே என்பது விளங்கும். உளுந்தங்களியும், வெல்லமிட்ட புட்டும், நல்லெண்ணெயும், நாட்டுக்கோழி முட்டையும் அந்நாட்களில் அவளுக்கென்றே தனியாக ஆக்கப்பட்டன. வருஷமெல்லாம் ஆண்களுக்குப் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ட வீட்டில், ஒரு பெண்பிள்ளைக்குத் தனியாக அடுப்பு மூட்டிய நாட்கள் அவை. வளர்ச்சியின் வேகம் மிகுந்த பிராயத்தில் உடல் அதிகம் கேட்கும் என்பதை அந்தத் தாய்மார் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். முதிர்ந்த வயதில் ஒருவருக்கு இருக்கும் எடையில் ஏறத்தாழப் பாதி குமரப் பருவத்திலேயே சேர்கிறது என்று பிற்கால விஞ்ஞானம் கூறியபோது, அவர்கள் அறிவு பொய்யாகவில்லை.

விஞ்ஞானம் இந்த மாகாணத்தின் தட்டை ஆராய்ந்த கதையும் சுவையானது. குன்னூரில் போஷாக்கு ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர், இந்தியாவின் வெவ்வேறு பிரதேசத்தாருடைய ஆகாரங்களை அப்படியே எலிக் கூட்டங்களுக்கு ஊட்டி எடை பார்த்தபோது, கோதுமையும் பாலும் பருப்பும் கீரையும் கொண்ட சீக்கியர் ஆகாரத்தை உண்டவை முதலிடத்திலும், தீட்டிய அரிசியைப் பிரதானமாகக் கொண்ட மதராஸியின் ஆகாரத்தை உண்டவை கடைசியிலும் நின்றன. மெலிந்த எலிக்குக் காரணமாயிருந்த அதே வெள்ளைச் சோறு, பின்னாளில் அளவு பெருகியபோது பருத்த பிள்ளைக்கும் காரணங்களில் ஒன்றானது என்பதை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். குறைவிலும் மிகுதியிலும் கோளாறு ஒன்றேதான். சோற்றுக்குத் துணை நிற்க வேண்டிய பருப்பும் கீரையும் காயும் முட்டையும் தட்டில் இடம் பெறாமற் போனதே அது.

பிள்ளையின் பசியை வீட்டுக்கு வெளியிலிருந்தும் தீர்க்க முனைந்த முயற்சிக்குச் சென்னை நகரம் முன்னோடி. ஸர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் மாணவர் தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி அளிப்பதென்று 1920-இல் தீர்மானித்தது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய சர்க்கார் இசையாததால் 1925-இல் அது நின்று, 1927-இல் மீண்டும் தழைத்தது. காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கிராமத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்ததும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, 1984-இல் அதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை விரித்ததும், பின்னர் முட்டை சேர்ந்ததும், 2022-இல் காலைச் சிற்றுண்டி வந்ததும் எல்லோரும் அறிந்தவை. இத்திட்டங்களுக்கு இந்நாடு பட்டிருக்கும் கடன் பெரிது.

அப்படியிருக்க, ஊர் மாறியது. 1955-இல் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி சோஷலிஸ மாதிரியான சமுதாயம் என்று தீர்மானம் செய்த இடத்துக்கு அருகிலேயே 1960-களில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது; அம்பத்தூரில் முன்னரே சைக்கிள் தொழிற்சாலை நிறுவப்பட்டிருக்க, அதே 1960-களில் தொழிற்பேட்டையும் வந்தது. ஷிப்டு சங்கு ஊதத் தொடங்கியதும் வயல்வேலை கைவிட்டுப்போக, மாதச் சம்பளமும் ரேஷன் கார்டும் வீட்டுக்குள் வந்தன. 1967-ஆம் வருஷத்துத் தேர்தலில் ரூபாய்க்குப் படியரிசி என்ற வாக்குறுதி ஓர் ஆட்சியையே மாற்றும் வலிமை பெற்றிருந்தது என்றால், அரிசிச் சோற்றுக்கு ஜனங்கள் எவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்பதை ஊகிக்கலாம். ஏக்கம் தீர்ந்தது, 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. கேழ்வரகு கோயிலுக்குப் போயிற்று, உரலும் உலக்கையும் கொல்லைக்குப் போயின. அம்பத்தூர் சைக்கிளில் பள்ளிக்குப் போன பிள்ளையின் மகன் இன்று வேனில் போகிறான். சர்க்கார் பதினோராம் வகுப்பில் கொடுக்கும் சைக்கிளை ஓட்டவும், கனரக லாரிகள் விரையும் சாலையைப் பார்த்துத் தாய் அஞ்சுகிறாள். சடுகுடுக் கோடு கிழித்த களத்துமேடு மனையாக விலைபோயிற்று. மாலையில் டியூஷன் முடிந்து வரும் வழியில் வண்டிக்கடைகளின் ஃப்ரைட் ரைஸும் சிக்கன் பக்கோடாவும் மணக்கின்றன. பிள்ளை சோம்பேறியாகிவிட்டான் என்று ஏசுவோர், அவன் ஓடுவதற்கு இருந்த இடத்தை விற்றவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்பது தகும்.

2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். அதே ஆய்வில் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. உடல் பருத்தும் ரத்தம் வற்றியும் இருக்கிற இந்த விசித்திர நிலை, வயிறு நிறைந்து போஷாக்கு நிறையாததன் அடையாளம். பிள்ளையைப் பற்றிப் பேசுமுன் பெற்றோர் தம்மைத் தாமே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கும் இந்த எண்களே சாட்சி.

இச்சரித்திரத்திலிருந்து நான் பெறும் தெளிவு ஒன்றே. பிள்ளையின் எடை இவ்வட்டாரத்தில் எக்காலத்திலும் பிள்ளை ஒருவனே தீர்மானித்த காரியமாக இருந்ததில்லை. கூழ் கரைத்த கையும், களி கிண்டிய கையும், அரிசி அளந்த சர்க்காரும், களத்துமேட்டை விட்டுவைத்த ஊரும் சேர்ந்தே அதைத் தீர்மானித்தன. ஆகவே பருத்த பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டும் தனித்தடையும் விதித்து, தம்பிக்கு முறுக்கும் அப்பாவுக்கு அப்பளமும் வைக்கிற வீட்டில் எந்த மாற்றமும் நிலைக்காது. அடுப்பு மாறினால் எல்லோருக்குமாக மாற வேண்டும். சோற்றைப் பகையாக்கத் தேவையில்லை. அதில் ஒரு கரண்டியைக் குறைத்து, அவ்விடத்தில் பொரியலையும் கூட்டையும் சுண்டலையும் நிரப்பி, வாரத்தில் சில வேளை கேழ்வரகையும் கம்பையும் மீண்டும் அழைத்து, குளிர்பானத்தை வீட்டில் வாங்கி வைப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. காலைப் பட்டினி கூடவே கூடாது. காலையில் வெறும் வயிறாகப் போன பிள்ளை மாலையில் வண்டிக்கடையில் ஈடுகட்டுவான். இரவு ஒரு வேளையாவது தொலைக்காட்சியையும் செல்போனையும் அணைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உண்பது பெரிய பலன் தரும். இப்பிராயத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கமும், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மூச்சு வாங்குமளவு உடலசைவும் வேண்டும் என்பது நிபுணர்களின் முடிவு. விடுமுறை நாளில் தகப்பனார் தாமும் செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளையோடு நடந்தால், ஆயிரம் உபதேசத்தைவிட அது மேல்.

மற்றொன்றை அழுத்திச் சொல்வேன். குண்டு, பூசணி, அரிசி மூட்டை என்று கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் அத்தையும் சித்தப்பாவும் செய்யும் பரிகாசத்தைத் தாய்தந்தையர் சிரித்துக்கொண்டு கேட்டிருப்பது பெரும் கொடுமை. அச்சொல்லால் மெலிந்த பிள்ளை எவனுமில்லை. மறைவில் உண்ணவும், உண்ணாமல் வாடவும், கண்ணாடியை வெறுக்கவும் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அநேகர். "அத்தை, அவளை அப்படிச் சொல்லாதீங்க" என்று அந்த இடத்திலேயே தாய் சொல்லிவிட்டால், வீட்டில் தனக்கொரு துணை உண்டென்று அப்பெண்ணுக்குத் தெரியும். மேலும், வளர்கிற உயிருக்கு எடையைக் குறைக்க வேண்டிய அவசியம் பல சமயங்களில் இருப்பதில்லை. எடை கூடாமல் நின்றால் உயரம் வளர்ந்து பொருத்தம் தானே வரும். பூப்பெய்தும் காலத்தில் பெண்ணுக்கும் குரல் உடையும் காலத்தில் ஆணுக்கும் சதை பிடிப்பது இயற்கை என்பதையும் மறக்கலாகாது.

பள்ளிப் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை பரிசோதிக்கும் தேசியத் திட்டம் ஒன்று 2013 முதல் நடைபெறுகிறது; அதன் மருத்துவக் குழு சர்க்கார் பள்ளிகளுக்கு வரும்போது உயரமும் எடையும் குறிக்கப்படுகின்றன. பாரிவாக்கத்திலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள பெற்றோர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: விளம்பரத்தில் வரும் மெலிவுப் பொடியை வாங்குமுன் அந்த எண்களைக் கேட்டு வாங்கி, வயதுக்கேற்ற அளவில் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் காட்டுங்கள்; ஊராட்சியின் கிராம சபை கூடும் நாளில் எழுந்து நின்று, ஏரிக்கரையில் பிள்ளைகள் நடக்கவும் ஓடவும் ஒரு பாதையும், விலைபோகாத ஒரு விளையாட்டுத் திடலும் வேண்டுமென்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்.