குடிவரவு

இலங்கையில் கடவுச்சீட்டு வழங்கும் அலுவலகத்தின் பெயர் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குடிவரவைக் ‘குடிநுழைவு’ என்பார்கள். தமிழ்நாட்டு நாளிதழ்களுக்கு அது ‘குடியேற்றம்’. மூன்றுக்கும் வேர் ஒன்றே: குடி.

குடி என்றால் வீடு, குடும்பம், மரபு, ஓர் ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் என்று பல பொருள். குடித்தனம், குடியிருப்பு, குடிமகன், குடியுரிமை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஆகவே குடிவரவு வெறும் பயணம் அன்று. வந்த இடத்தில் அடுப்பு மூட்டி, பிள்ளை வளர்த்து, அந்த ஊர்க்காரராகவே ஆகிவிடுவது.

ஆனால் வருகிறவருக்கு உரிமையும் கூடவே வந்துவிடுவதில்லை.

19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்குப் போனவர்கள் முதலில் காப்பித் தோட்டங்களில் உழைத்தார்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியபின், கொழுந்து பறித்த கைகளும் அவர்களுடையவையே. ‘லயம்’ எனப்பட்ட வரிசை வீடுகளில் ‘காம்பரா’ என்ற ஒற்றை அறையே ஒரு குடும்பத்தின் வீடு. அடுத்த வீட்டுக்கும் இதற்கும் நடுவே ஒரே சுவர். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தாங்கிய அவர்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. ஒப்பந்தத்துக்கு முன் அவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

குடிவரவுக்கும் குடியுரிமைக்கும் இடையே அந்த மக்கள் ஐந்து தலைமுறைக்கு மேல் காத்திருந்தார்கள்.