பதநீர் எப்போது ‘கூல் டிரிங்க்’ ஆனது?

ஏப்ரல் பிறந்தா போதும், ‘கோடையில் சாப்பிட வேண்டிய உணவுகள்’ பட்டியல் எல்லாருடைய போனுக்கும் வந்துடும். பதநீரும் நுங்கும் அதில் கட்டாயம் இருக்கும், பக்கத்தில் ‘உடலுக்குக் குளிர்ச்சி’ என்று ஒரு வரி. ஆனால் பனங்காட்டு ஊர்களில் பதநீர் குளிர்ச்சிக்கான பானம் மட்டும் இல்லை. பல வீடுகளில் அதுதான் காலைச் சாப்பாடு.

புதுக்கோட்டை என்றதும் சமஸ்தானம் ஞாபகம் வரும். நான் சொல்வது தூத்துக்குடி-நெல்லை சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டை. மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைப்பார்கள். மாசியோடு காட்டு வேலை முடிந்துவிடும், குதிரில் தானியமும் குறையத் தொடங்கும். பனையில் பாளை சீவுகிற பருவம் சரியாக அப்போதுதான் ஆரம்பிக்கும், ஆடி, ஆவணி வரைக்கும் போகும். (கடலில் முத்துக்குளிப்பும் ஒரு காலத்தில் இதே பங்குனி, சித்திரையில்தான் நடந்தது. கோடை இந்தக் கரையில் ஓய்வுக் காலமே இல்லை.)

இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி 1849-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். சாதி பற்றி அதில் எழுதியதற்குப் பின்னாளில் பலத்த எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. ஆனால் சாப்பாட்டைப் பற்றிய அவருடைய குறிப்பு உபயோகமானது. விடிந்ததும் பதநீர், மதியம் கருப்பட்டி, வசதி இருந்தால் ராத்திரிக்குத் தானியச் சோறு. இதுதான் பனைக்காலத்து அன்றாடம்.

இப்போ கொஞ்சம் கணக்கு. பதநீரில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 முதல் 12 கிராம் சர்க்கரை இருக்கிறது. கோலா பானங்களிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அப்புறம் எப்படி அது அவர்களுக்கு ஒத்துப்போச்சு? பனையேறி ஒரு நாளைக்கு 30 முதல் 50 மரம் ஏறுவார், அதுவும் காலையும் மாலையும். 40 மரம், மரத்துக்கு 40 அடி என்று குறைத்தே வைத்தாலும் 3,200 அடி. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நேர் செங்குத்து! அந்த உடம்புக்கு அது எரிபொருள். பட்டியல் போடுகிறவர்கள் பதநீரை எடுத்துக்கொண்டு மரத்தை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, அந்தச் சாப்பாட்டுக்கு நேரக் கட்டுப்பாடு இருந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு இருந்தாலும் வெயில் ஏறினால் ரொம்ப நேரம் தாங்காது. அதனால் குடித்தது போக மிச்சத்தை உடனே காய்ச்சியாகணும். சித்திரை வெயிலில் அடுப்பு முன்னால் மணிக்கணக்காக நின்று துழாவுவது பெண்கள் வேலை. பாகைச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க அங்கே பதநீர் மிஞ்சாது.

இதைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். பருவம் முடிந்தால் வருமானம் நின்றுவிடும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அடுத்த வருஷக் கருப்பட்டியால் கடனை அடைக்கணும். மரத்திலிருந்து விழுந்து செத்தவர்கள், முடமானவர்கள் எத்தனையோ பேர். 1987-இல் கள் தடை மறுபடி வந்தபின் சுண்ணாம்பு தடவாத கலயம் போலீஸ் கேஸும் ஆச்சு. பிள்ளைகள் மரம் ஏறாமல் பள்ளிக்கூடம் போனதில் யாருக்கு வருத்தம் இருக்க முடியும்?

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். கூடவே ‘கருப்பட்டி காபியா, சுகருக்கு ஒண்ணும் பண்ணாது’ என்கிற பேச்சும் பெருகியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான் என்பதைக் குறியீடு மாற்றாது.

வாங்கிக் குடிக்கிறவர்கள் விடியற்காலையில் இறக்கின பதநீராகப் பாருங்கள். ஓலைப் பட்டையில் ஊற்றி, நாலு நுங்கு போட்டு, ரெண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டு குடிக்கலாம். மதியம் மூணு மணிக்கு, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, ஐஸ் போட்டு ரெண்டு கிளாஸ் குடித்தால் அது பாயசக் கணக்குதான்.