மோரிஸ் மைனரும் மாற்று இயந்திரங்களும்

1948ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில், மோரிஸ் மைனர் என்னும் சிறு கார் முதன்முறையாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் முன்மூடியைத் திறந்தால், ஒடுக்கமான ஓர் இயந்திரம் நடுவே அமர்ந்திருக்க, அதன் இருமருங்கிலும் கைவிட்டு வேலை செய்யத்தக்க வெற்றிடம் காணப்பட்டது. அவ்வெற்றிடம் வேறோர் இயந்திரத்தை எண்ணி அமைக்கப்பட்டதாகும். அந்த இயந்திரமோ வரவே இல்லை.

வண்டியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், இரண்டு சிலிண்டர்கள் ஒருபக்கமும் இரண்டு மறுபக்கமுமாகப் படுத்திருக்கும் அகன்ற இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். செலவும் காலத் தாமதமும் அத்திட்டத்தைக் கைவிடச் செய்தன. நிறுவனத்தின் தலைவராயிருந்த நஃபீல்டு பிரபுவுக்கோ வண்டியின் தோற்றமே பிடிக்கவில்லை. முடிவில், போருக்கு முற்பட்ட மோரிஸ் எயிட் காரின் 918 சி.சி. இயந்திரமே இதற்கும் வாய்த்தது. சிலிண்டரின் துளை விட்டம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளமோ 90 மில்லிமீட்டர். பிரிட்டனில் முன்னர் வாகன வரி துளை விட்டத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டமையால் விளைந்த உருவம் அது. துளையைச் சுருக்கி ஓட்டத்தை நீட்டினால் வரி குறையும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. பின்னர் அவ்வரிமுறை நீங்கியது. ஆயினும் இயந்திரத்தின் உருவம் உடனே மாறிவிடவில்லை.

ஆக, மோரிஸ் மைனர் பிறந்தபோதே இரவல் இயந்திரத்தோடு பிறந்தது. பழைய வண்டிக்கு மாற்று இயந்திரம் தேடுவது அதன் இயல்பையே கெடுத்துவிடும் என்று வாதிடும் அன்பர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1952இல் மோரிஸ் நிறுவனத்தை உள்ளடக்கிய நஃபீல்டு குழுமமும் அதன் நெடுநாள் போட்டியாளரான ஆஸ்டினும் ஒன்றிணைந்தன. அதன் பயனாக ஆஸ்டினின் 803 சி.சி. இயந்திரம் மைனருக்குள் புகுந்தது. வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்த புதுமுறை இயந்திரமே எனினும், அளவிற் சிறியதாகையால் இழுவை போதவில்லை. ஆகவே பின் அச்சின் பல்சக்கர விகிதத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. முன்பு 4.55ஆக இருந்த விகிதம் 5க்கு மேல் உயர்ந்தது. வண்டி மேடேறியது, ஆனால் சமவெளியில் இயந்திரம் ஓயாமல் இரைந்தது. 1956இல் அதே குடும்பத்தின் 948 சி.சி. இயந்திரம் வந்ததும் விகிதம் மீண்டும் 4.55க்கு இறங்கிற்று. 1962இல் 1098 சி.சி. இயந்திரம் வந்தபோது அது 4.22 ஆயிற்று, அதனுடன் முன்சக்கர பிரேக் உருளைகளும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருகின. தொழிற்சாலையினர் இயந்திரத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் அதனோடு இயைய வேண்டியவற்றையும் சேர்த்தே மாற்றினர் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டபின், 1971இல் உற்பத்தி நின்றது. மலாயா, சிங்கப்பூர்ச் சாலைகளில் அன்றாடக் காட்சியாக விளங்கிய இவ்வண்டி அதன்பின் பட்டறைக்காரர்களின் பொறுப்பாயிற்று. தேய்ந்த இயந்திரத்துக்கு ஈடாக எதைப் பொருத்துவது என்பதே அவர்கள் முன்னின்ற கேள்வி.

உறவுமுறை பார்ப்பவர் முதலில் நாடுவது 1275 சி.சி. இயந்திரத்தை. 1966 முதல் எம்.ஜி. மிட்ஜெட்டில் இயங்கிய இதுவும் அதே ஆஸ்டின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் குடும்பப் பெயரை மட்டும் நம்பி இறங்குவோர் ஏமாறுவதுண்டு. இசிகோனிஸ் 1959இல் உருவாக்கிய மினி காரிலும் இக்குடும்பத்து இயந்திரமே உண்டு. எனினும் அது குறுக்காக நிற்கிறது, கியர் பெட்டி அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. முகம் ஒன்றாயினும் பின்பகுதி வேறு. அதனைக் கழற்றி மைனரில் அப்படியே வைத்துவிட இயலாது.

மற்றொரு வழி ஜப்பானிலிருந்து வந்தது. நிசான் நிறுவனம் 1952இல் ஆஸ்டினுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆஸ்டின் கார்களைத் தன் நாட்டில் தயாரித்தது. ஆஸ்டினின் 1489 சி.சி. இயந்திரத்தில் பிஸ்டன் ஓடும் நீளத்தைக் குறைத்து, 988 சி.சி. இயந்திரம் ஒன்றையும் ஆக்கிக்கொண்டது. அதைத் தாங்கிய டாட்சன் கார் 1958இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய நெடும்பந்தயத்தில் தன் பிரிவில் வென்றது. பின்னர் 1970இல் வந்த டாட்சன் 1200 காரின் 1171 சி.சி. இயந்திரம், சுழல்தண்டை ஐந்து இடங்களில் தாங்கியது. ஆஸ்டின் இயந்திரம் மூன்றே இடங்களில் தாங்கியது. நெடுந்தூரம் விரைந்தோடும்போது இவ்வேறுபாடு தெரியும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் மைனர் உடைமையாளர் பலர் இந்த இயந்திரத்தைத் தேர்ந்தனர். மலேசியப் பட்டறைகளும் இதனை அறியும்.

இசிகோனிஸ் விட்டுச்சென்ற வெற்றிடம் இங்குக் கைகொடுத்தது. ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. டாட்சன் இயந்திரத்தை அதன் கியர் பெட்டியோடு ஏற்றுவதே முறை; மைனரின் கியர் பெட்டியில் முதற் கியரைச் சக்கரம் உருளும்போது போட்டால் பற்கள் உரசும், டாட்சனில் அந்தத் தொல்லை இல்லை. அதற்காகக் கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் திருத்தி, பின் அச்சுக்குச் செல்லும் தண்டையும் அளவுக்கேற்பச் செய்ய வேண்டும். மைனரில் பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஜப்பானிய இயந்திரத்துக்கோ எதிர்முனை இணைய வேண்டும். இதைக் கவனியாமல் கம்பியைப் பூட்டினால் மின்னாக்கி கருகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக் இருக்கிறது. 30 குதிரைத்திறன் வண்டிக்கென அமைந்த 7 அங்குல உருளைகளை அப்படியே விட்டுவிட்டு, அதனினும் இருமடங்கு ஆற்றலை முன்னால் பொருத்துவது துணிவன்று, பொறுப்பின்மை. மிட்ஜெட்டில் 1275 சி.சி. இயந்திரம் வைத்தவர்கள் முன்சக்கரங்களுக்கு வட்டுப் பிரேக் தந்திருந்தனர்.

இறுதியாகச் சாலைப் போக்குவரத்துத் துறை. மாற்றிய இயந்திரத்தின் எண்ணைப் பதிவு செய்தாக வேண்டும். வரியும் கொள்ளளவைப் பொறுத்தது. தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் கார்களுக்கு 1000 சி.சி. வரை 20 வெள்ளி, 1200 வரை 55 வெள்ளி, 1400 வரை 70 வெள்ளி என்பது ஆண்டுச் சாலை வரி. 1098 சி.சி. மைனரில் டாட்சன் இயந்திரம் பொருத்தியவர் முன்போலவே 55 வெள்ளி செலுத்துகிறார். உறவுமுறை பார்த்து 1275ஐத் தேர்ந்தவருக்கு 15 வெள்ளி கூடுகிறது.