வன்னியின் உணவு மாறிய வரலாறு

வன்னிப் பெருநிலத்து மக்கள் முற்காலத்தில் குளத்து நீரால் நெல்லும், காடு வெட்டிய சேனையில் குரக்கனும் விளைவித்து உண்டனர். கைக்குத்தரிசிச் சோறும் குரக்கன் பிட்டும் மெல்லச் செரித்து, நெடுநேரம் பசி தாங்கின.

1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமாகவே, இலங்கைக்கு அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பியது. போர் முடிந்தபின்னும் பாணும் சீனித் தேநீரும் நிலைத்துவிட்டன. 2009ஆம் ஆண்டில் செட்டிகுளம் முகாம்களில் தங்கிய வன்னி மக்களுக்கும் நிவாரணமாக அரிசியோடு கோதுமை மாவும் சீனியும் வழங்கப்பட்டன.

தவிடு நீங்கிய மா விரைவிற் செரித்து மீண்டும் பசியை எழுப்பும். வயலுழைப்பில் பெரும்பகுதியையோ உழவு இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆதலின், உடல் மெலியாதவரை மனவுறுதியற்றவர் எனப் பழித்தல் முறையன்று. தட்டுப்பாட்டில் வந்த உணவே வழக்கமாயிற்று. குரக்கனோ இன்றும் வன்னி மண்ணில் விளைகின்றது.