சுங்கப் பாலத்தில் பிறந்த கிளாஸ்

நாய் ஒரு விலங்கு, பூனை ஒரு விலங்கு. ஆகவே இரண்டும் ‘விலங்கு’ என்ற கிளாஸிலிருந்து பிறக்கின்றன. சி பிளஸ் பிளஸ் பாடத்தை வாத்தியார்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் டர்போ சியின் நீலத் திரைக்கு முன்னால் நின்று பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகள் தலையாட்டுவார்கள், பரீட்சையிலும் எழுதிவிடுவார்கள். ஆனால் வேலைக்குப் போன இடத்தில் குரைக்கிற நாய்க்கு யாரும் புரோகிராம் கேட்பதில்லை. கிளாஸை உருவாக்கியவர்களின் மண்டையைக் குடைந்ததும் நாயோ பூனையோ அல்ல. காத்து நிற்கும் வரிசைதான்.

இடம் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ. கிறிஸ்டன் நிகார்ட் 1948-இல் அந்நாட்டு ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர். நார்வேயின் முதல் அணு உலைக்கான கணக்குகளைக் கையாலேயே போட்ட காலம் அது. பிறகு அவர் இறங்கியது செயல்முறை ஆராய்ச்சியில்: வேலை எங்கே தேங்குகிறது, யார் யாருக்காக எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்ற கணக்கு. 1960-இல் நார்வே கணினி மையத்துக்கு மாறினார். ராணுவ நிலையத்திலேயே அவருக்குப் பழக்கமான ஓலே-யோஹான் டால் 1963-இல் அங்கே வந்து சேர்ந்தார். நிகார்ட் வாய் ஓயாத மனிதர். டால் அமைதியானவர், பியானோ வாசிப்பார்.

காத்து நிற்கும் வரிசைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்க இருவரும் வடிவமைத்த மொழிதான் சிமுலா. மொழி எழுதக் காகிதம் போதும், ஓட்டுவதற்கு இயந்திரம் வேண்டுமே? அமெரிக்க யூனிவாக் நிறுவனம் தன் 1107 கணினியை ஐரோப்பாவில் விற்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். 1962-இல் பேரம் படிந்தது: மையத்துக்கு இயந்திரம் பாதி விலையில், யூனிவாக்குக்கு சிமுலா கம்பைலர். 1963 ஆகஸ்டில் இயந்திரம் வந்து இறங்கியது, 1965 தொடக்கத்தில் கம்பைலர் தயாரானது. ஒரு புரோகிராமிங் மொழியின் சரித்திரத்தில் இவ்வளவு நல்ல வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த முதல் சிமுலாவில் கிளாஸ் இல்லை, ‘ஆக்டிவிட்டி’தான் இருந்தது. அதை வைத்து நிஜ வேலைகளைச் செய்து பார்த்தபோது ஒரு தொல்லை திரும்பத் திரும்ப வந்தது. அதை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் சுங்கச்சாவடி உள்ள ஒரு பாலம். லாரி, பேருந்து, கார் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று தெரிய வேண்டும். அதை லாரிக்கு ஒரு முறை, பேருந்துக்கு ஒரு முறை, காருக்கு ஒரு முறை என்று எழுதுவது வீண். வரிசையில் நிற்கும் வித்தையை மட்டும் தனியாக எழுதிவைத்து, நாளைக்கு வேறு யாரோ எழுதப்போகும் வண்டிக்கும் அதைப் பொருத்த முடியுமா?

1966 கோடையில் பிரான்சின் வில்லார்-த-லான்ஸ் என்ற மலையூரில் கணினி அறிஞர் டோனி ஹோர் நடத்திய விரிவுரைகள் பாதி வழியைக் காட்டின. மீதி வழி அந்தக் குளிர்காலத்தில் கிடைத்தது; ‘ஆக்டிவிட்டி’யின் இடத்துக்குக் கிளாஸ் வந்தது. ஒரு கிளாஸின் பெயரை இன்னொன்றின் முன்னால் முன்னொட்டாக எழுதினால் முதலாவதன் சரக்கு முழுக்க இரண்டாவதற்கு வந்துவிடும். வரிசையில் நிற்கும் வித்தையை வைத்திருந்த கிளாஸ் ‘லிங்க்’. ‘லிங்க் கிளாஸ் லாரி’ என்று எழுதினால் லாரிக்கு வரிசையில் நிற்கத் தெரிந்துவிடும். இன்ஹெரிட்டன்ஸ் என்று இன்று நாம் படிப்பது இதைத்தான். 1967 மே மாதம் ஆஸ்லோவை அடுத்த லிசெபூவில் நடந்த மாநாட்டில் சிமுலா 67-ஐ அரங்கேற்றினார்கள். அந்த வசந்தத்தில் மையத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், மாடித் தாழ்வாரத்தில் கரும்பலகைக்கு முன்னால் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று பதறிப்போய் டெலிபோன் ஆபரேட்டரிடம் ஓடினாராம். அந்த அம்மாள் சில நொடி காதுகொடுத்துவிட்டு, டாலும் நிகார்டும் சிமுலா பேசுகிறார்கள், பயப்படாதே என்று அனுப்பிவைத்தார். நிகார்டே பின்னாளில் சொன்ன கதை.

என் மனக்குறை ஒன்றுதான். வரிசையில் நிற்கத் தெரிய வேண்டும் என்பதற்காக லாரி ‘லிங்க்’கின் பிள்ளையாக வேண்டியிருந்தது. சிமுலாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே முன்னொட்டு. ஒரே தாய் என்று வையுங்கள். அந்த இடத்தை வரிசை பிடித்துக்கொண்டால் வண்டி என்ற உறவுக்கு எங்கே போவது? ‘வண்டி’யையே லிங்க்கின் பிள்ளையாக்கி, லாரியைப் பேத்தியாக்க வேண்டியதுதான். ஓடியது, சந்தேகமில்லை. ஆனால் தேவைக்காக ஏற்படுத்திய சொந்தம் அது. கேம்பிரிட்ஜில் சிமுலாவில் எழுதிப் பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், பின்னர் சி பிளஸ் பிளஸில் ஒரு கிளாஸுக்குப் பல தாய்களை அனுமதித்தார். அதன் சிக்கல்களைத் தீர்க்க முடியாமல் பலர் தலையில் கைவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1995-இல் ஜாவா வேறு வழி எடுத்தது. ஆப்ஜெக்டிவ் சி மொழியின் புரோட்டோகாலைப் பார்த்து அமைத்த இன்டர்ஃபேஸ் அதில் வந்தது: தாய் ஒன்றே, வாக்குறுதிகள் எத்தனை வேண்டுமானாலும். சாவடிக்காரர் வண்டியின் வம்சத்தை விசாரிக்க வேண்டாம், ‘கட்டணம் எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் வந்தால் போதும். லாரி ஒரு தொகை சொல்லும், ஆம்புலன்ஸ் பூஜ்யம் சொல்லும். வரிசையில் நிற்கும் வேலையையும் வண்டியிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். ஜாவாவின் லிங்க்டு லிஸ்ட் முன்னும் பின்னும் யார் என்பதைத் தானே ஒரு நோடில் வைத்துக்கொள்கிறது. லாரிக்கு அது தெரியவே தெரியாது.

2014 மார்ச்சில் வந்த ஜாவா 8, இன்டர்ஃபேஸுக்குள்ளேயே மெத்தட் எழுத அனுமதித்தது. பழைய கிளாஸ்கள் எதையும் உடைக்காமல் கலெக்‌ஷன்களுக்குப் புது வசதிகள் சேர்க்க வேண்டியிருந்தது, அதற்காக. ஆனால் ஆப்ஜெக்டுக்கு ஆப்ஜெக்ட் மாறும் தகவல் எதையும் அங்கே வைக்க முடியாது. முன்னும் பின்னும் யார் என்று காட்ட லிங்க் தூக்கிச் சுமந்த இரண்டு சுட்டிகளுக்கு அதில் இன்றும் இடமில்லை.