ஒட்டிய விழி நழுவாமல் நின்ற கதை

1830களின் நடுப்பகுதி. எகிப்துப் பாலைவனத்தில் நாடோடிக் கூட்டம் ஒன்றிடம் கைதியாக இருந்தார் அயர்லாந்து மருத்துவர் சாமுவேல் பிக்கர். அங்கே செல்லமாக வளர்ந்த காசெல் மான் ஒன்று, கருவிழியில் பட்ட காயத்தால் பார்வை இழந்து நின்றது. ஒருநாள் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடந்த அதே இன மான் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிக்கர் அதன் கருவிழியை வெட்டி எடுத்து, குருட்டு மானின் கண்ணில் பொருத்தித் தைத்தார். பத்து நாள் போனதும் அந்த மான் பார்ப்பதற்கான அறிகுறி தெரிந்தது. விடுதலையாகி ஊர் திரும்பியவர் 1837-ல் இதை எழுதி வெளியிட்டார். மானுக்கு முடிந்தது மனிதனுக்கு முடியாதா?

மறு ஆண்டே அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார் நியூயார்க் மருத்துவர் ரிச்சர்ட் கிஸ்ஸம். மயக்க மருந்து இல்லாத காலம் அது. பன்றிக் குட்டியின் கருவிழியை ஓர் இளைஞரின் கண்ணில் வைத்து, இரண்டே தையலில் நிறுத்தினார். வெளிச்சம் தெரிகிறது என்றார் இளைஞர். அந்த மகிழ்ச்சி இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. ஒட்டு, அதாவது பொருத்திய கருவிழி, வெளுத்தது, சுருங்கியது, ஒரு மாதத்துக்குள் கரைந்தே போனது. மிருகத்தின் கண் மனிதனுக்கு ஒத்துவராது என்பது ஒரு பாடம். இன்னொரு பாடம் கருவிழிக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் ஓடிவந்து காயத்தை ஆற்றும். கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதற்குக் கருவிழி கொடுத்த விலை அது. அதனால் அங்கே காயம் ஆமை வேகத்தில்தான் ஆறும். ஆறும்வரை ஒட்டு சும்மா இருக்கவும் முடியாது. உள்ளிருந்து கண்ணுக்குள் இருக்கும் திரவம் அழுத்தும்; வெளியே இமை ஓயாமல் உரசும். தைத்து நிறுத்தலாம் என்றால், அன்றைய ஊசி குத்திய இடமே புண்ணானது. தைக்காமல் எப்படி நிறுத்துவது?

1905 டிசம்பர் 7. இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலமோட்ஸ் நகரம். சுண்ணாம்பு பட்டு இரு கண்களும் வெந்துபோன கூலித் தொழிலாளி அலோய்ஸ் குளோகர், டாக்டர் எட்வர்ட் சிர்ம்மின் மேசையில் படுத்திருந்தார். இரும்புத் துண்டு பாய்ந்து காப்பாற்ற முடியாமல் போன ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழி கிடைத்திருந்தது. சிர்ம் அந்த ஒட்டில் ஊசியே படவிடவில்லை. அதன் மேலே குறுக்காக நூலை ஓட்டி, பொட்டலத்தைக் கட்டுவதுபோல் அழுத்திப் பிடித்தார். ஒரு கண்ணில் தோல்வி. இன்னொரு கண் தெளிந்தது. மனிதனுக்கு மனிதக் கருவிழி பொருந்திய முதல் வெற்றி அதுதான். குளோகர் வேலைக்கும் திரும்பினார். ஆனால் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

1930களில் ஒடெஸாவில் விளாதிமிர் ஃபிலாதோவ், இறந்தவர்களின் கருவிழியும் உதவும் என்று நிரூபித்தார். தானத்துக்கு வழி பிறந்தது. ஒட்டை நிறுத்தும் வழி மட்டும் தடுமாறிக்கொண்டே இருந்தது. சிலர் முட்டை ஓட்டுக்குள் இருக்கும் சவ்வை எடுத்து மேலே மூடிப் பார்த்தார்கள். நோயாளிகள் தலை அசையாமல் நாள்கணக்கில் கிடந்தார்கள். பிறகு பட்டு நூலால் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கும் துணிச்சல் வந்தது. பட்டு பிடித்தது உண்மைதான். ஆனால் அது பூச்சி நூற்ற புரதம். உடல் அதை அந்நியனாகப் பார்த்துச் சிவந்தது. தையலைத் தேடிக்கொண்டு ரத்தக் குழாய்கள் ஊர்ந்து வந்தன. அந்த வழியாகவே ஒட்டை நிராகரிக்கும் அணுக்களும் வந்தன. நூலை விட்டுவைத்தால் ஆபத்து; எடுத்தாலோ, ஆறாத காயம் வாய் பிளந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு விடை கண் மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் பிறந்திருந்தது.

அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் 1935-ல் வாலஸ் கரோதர்ஸின் குழு ஒரு செயற்கை இழையை உருவாக்கியது. அது கடைக்கு வருவதைப் பார்க்காமலே 1937-ல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அது பல்துலக்கும் பிரஷ்ஷின் முள்ளானது. 1940-ல் பெண்களின் காலுறையாகி அமெரிக்காவையே கடை வாசலில் வரிசையில் நிறுத்தியது. நைலான்! அதைக் கண்ணுக்குள் கொண்டுபோக இன்னொரு துணை தேவைப்பட்டது.

அந்தத் துணை, அறுவை நுண்ணோக்கி. 1950களில் அது கண் மருத்துவர்களின் மேசைக்கு மேல் வந்தது. பட்டு நூல் கயிறுபோலவும், ஊசி கடப்பாரைபோலவும் தெரிந்தபோதுதான் இத்தனை காலம் கண்ணுக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது புரிந்தது. 1960களில் ஜெர்மனியின் டூபிங்கனில் ஹார்ம்ஸும் மக்கென்சனும், முறுக்கில்லாத ஒற்றை இழை நைலானை நுண்ணோக்கியின் கீழ் கருவிழியில் ஓட்டினார்கள். உடல் அதை ஏறக்குறையக் கண்டுகொள்ளவே இல்லை!

இன்று கருவிழி மாற்று நடக்கும் அறைகளில் ‘டென் ஜீரோ’ என்று அளவைச் சொல்லி மருத்துவர் கேட்டவுடன் நர்ஸ் எடுத்து நீட்டுவது அந்த நூலைத்தான். தலைமுடியில் பாதிகூட இருக்காது அதன் பருமன். கருவிழியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஆழம்வரை ஊசி போக வேண்டும். மறுபக்கம் துளைத்துவிடக் கூடாது. சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் பெரும்பாலும் பதினாறு தையல். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துத் திசுவுக்குள் புதைக்கிறார்கள். இமையில் உறுத்தக் கூடாதே! ஒரு தையல் கூடுதலாக இறுகினாலும் கருவிழி கோணி, பார்வை கலங்கும்.

நைலானும் நிரந்தரமல்ல, ஆண்டுகள் போகப் போக இற்று அறும். தளர்ந்த தையலில் சளியும் கிருமியும் தங்கும். ரத்தக் குழாய் மறுபடி எட்டிப் பார்க்கும். ஒட்டை உடல் நிராகரிக்கவும் அது வழிவிடும். பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ ஆன பிறகு தையலைப் படிப்படியாகப் பிரிக்கிறார்கள். பிரித்த பிறகும் அந்த வட்டத் தழும்புக்குப் பழைய பலம் முழுவதுமாகத் திரும்புவதில்லை. பல ஆண்டு கழித்து விழும் ஓர் அடியிலும் அது பிளக்கலாம்.

அதனால் ஒட்டு விழியில் உறுத்தல், சிவப்பு, கூச்சம், மங்கல் எது வந்தாலும் ‘தூசு விழுந்திருக்கும்’ என்று சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஒருவர் இறந்தும் கொடுத்துவிட்டுப் போன வெளிச்சம் அது; அதைக் காக்க ஒருநாள் தாமதம்கூட ஆகாது.