செக்யூலர் என்றால் சாமி இல்லாதவரா?

நடுவர் அவர்களே! 'செக்யூலர்'னா சாமி இல்லைங்கிறவன் என்று எதிரணித் தம்பி அடித்துச் சொன்னார். தம்பி, அந்தச் சொல்லோட பூர்வீகத்தைக் கேளுங்க!

இலத்தீனில் 'சேக்குலம்' என்றால் தலைமுறை, காலம். பிறகு உலகம் என்றும் பொருள் வந்தது. ஐரோப்பாவில் துறவு மடத்தில் சேராமல், ஊருக்குள் மக்களோடு வாழ்ந்த பாதிரியாரையே செக்யூலர் என்றார்கள். சாமிக்குப் பூசை வைத்தவருக்கே அந்தப் பேர்!

1851இல் ஹோலியோக் என்ற ஆங்கிலேயர் 'செக்யூலரிசம்' என்ற சொல்லை உண்டாக்கினார். 1976இல் 42ஆவது திருத்தம் 'செக்யூலர்' என்பதை நம் அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்த்தது. தமிழில் 'மதச்சார்பற்ற' என்றோம். 'அற்ற' மட்டும் நம்ம காதில் விழுந்துவிட்டது!

எங்க புதூர்க் கரிசல் சம்சாரி மழைக்காகச் சாமியைக் கும்பிடுவார். கும்பிடட்டும். ஆனால் ரேஷன் கடையில் அரிசி போடுகிறவர் அவர் கார்டைப் பார்க்கலாம். நெற்றியைப் பார்க்கக் கூடாது. அதுதானய்யா செக்யூலர்!